நிகழ்வுப் பதிவு மென்பொருளில் பழைய நிகழ்வை நகலெடுத்துப் புதியதை உருவாக்கும்போது எங்கே மாட்டுகிறது? ஊர் ஊராக ஏற்பாட்டாளர்கள் சொல்வது

ஹட்டன் – கருத்தரங்கு ஏற்பாடு

சாதாரண தரக் கருத்தரங்கு, மருத்துவ முகாம், தோட்டங்களுக்கிடையிலான போட்டி எல்லாம் வருடா வருடம் ஒரே அச்சில் நடப்பவை. அதனால் போன நிகழ்வின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி ‘நகலெடு’ கொடுத்துவிடுகிறோம். பெயர், விபரம், டிக்கெட் வகை, கேள்விப் படிவம் அப்படியே வரும். பதிவு செய்தவர்களின் பட்டியல் வராது, வரவும் கூடாது. சிக்கல் திகதிகளில்தான்.

ஒரு நிகழ்வுக்குள் ஒரு திகதி மட்டும் இல்லை. தொடக்கம், முடிவு, பதிவு திறப்பது, பதிவு மூடுவது, சலுகைக் கட்டணம் முடிவது, நினைவூட்டல் போவது, நன்றி மடல் போவது என்று வரிசையாக இருக்கும். தொடக்கத்தை மாற்றினால் மற்றவற்றையும் அதே இடைவெளியில் நகர்த்தும் மென்பொருள் உண்டு, நகர்த்தாததும் உண்டு. நகர்த்தாததில் பதிவு மூடும் திகதி போன வருடத்திலேயே நிற்கும். பக்கம் அழகாக வெளியாகும், திறக்கும் பிள்ளைக்கு மட்டும் ‘பதிவு முடிந்தது’ என்று காட்டும். நினைவூட்டலில் ‘3 நாளுக்கு முன்’ என்று வைத்தது புதிய திகதியோடு தானாகப் பொருந்தும். ‘ஜனவரி 8 காலை 9 மணி’ என்று வைத்ததன் நேரம் எப்போதோ கடந்திருக்கும், அது போகவே போகாது. யாருக்கும் பிழைச் செய்தியும் வராது. நினைவூட்டலை எப்போதும் நாள் கணக்கில் வையுங்கள்.

பண்டாரவளை

ஹட்டன் அண்ணன் சொன்னதோடு கிழமையையும் சேருங்கள். அதே திகதியை அடுத்த வருடத்துக்குப் போட்டால் கிழமை ஒன்று தள்ளும், இடையில் பெப்ரவரி 29 வந்தால் இரண்டு தள்ளும். 2026 ஜனவரி 11 ஞாயிறு. 2027 ஜனவரி 11 திங்கள். ஞாயிறு வகுப்பு ஞாயிறாகவே இருக்க 364 நாள் நகர்த்த வேண்டும், அதாவது 2027 ஜனவரி 10.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்காட்டியை நகல் பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும். ஜனவரியில் வரும் துருத்து போயா 2025இல் ஜனவரி 13, தைப்பொங்கலுக்கு முதல் நாள். 2026இல் அது ஜனவரி 3க்கு வந்துவிட்டது. சாப்பாட்டு ஓடர் உள்ள நிகழ்வில் இது பெரிய விடயம், போயா அன்று இறைச்சிக்கடை மூடியிருக்கும்.

மாதம் மாறினால் இடத்தையும் திரும்பப் பாருங்கள். பெப்ரவரியில் மஸ்கெலியாவில் மைதானத்தில் நடந்ததை ஜூனுக்கு நகலெடுத்தால் தென்மேல் பருவமழைக்குள் போய் விழும். எங்கள் ஊவாப் பக்கத்துக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகு.

தலவாக்கலை

எஸ்எம்எஸ் வார்ப்புருவும் நகலோடு வரும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துக்கான இடம், தமிழில் 70தான். அதைத் தாண்டினால் 67, 67 ஆக உடைந்து ஒவ்வொரு துண்டுக்கும் தனிக்காசு. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘ஹட்டன்’ கண்ணுக்கு 4 எழுத்து, கணக்கில் 6. ‘தலவாக்கலை’ 6 எழுத்து, கணக்கில் 9. போன முறை 68இல் அடங்கிய செய்தியில் ஊரின் பெயரை மட்டும் மாற்றினால் 71 ஆகி இரண்டாக உடையும். 400 பேருக்கு அனுப்பினால் 800 செய்திக்குக் கட்டணம். ஊர் மாறினால் அனுப்பும் முன் இடக்கணக்கைப் பாருங்கள்.

பதுளை

கூகுள் படிவத்தில் பதிவு எடுப்பவர்களுக்கு. படிவத்தை நகலெடுத்தால் கேள்விகள் வரும், பதில்களும் பதில் சேரும் தாளும் வராது. ‘பதில்கள்’ பகுதியில் புதுத் தாள் ஒன்றை இணைக்க வேண்டும். தானாக மடல் அனுப்ப ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் அதன் வரிகள் நகலில் வரும், அதைத் தானாக இயக்கும் தூண்டல் (trigger) வராது, மறுபடி அமைக்க வேண்டும். மாறாக, பதில் தாளை நகலெடுத்தால் அதோடு படிவத்தின் நகலும் ஒன்று கிளம்பும். எது எதற்கு உரியது என்று குழம்பாமல் இருக்க உடனே பெயர் மாற்றிவிடுங்கள். பழைய போஸ்டரில் உள்ள கியூஆர் பழைய படிவத்துக்கே போகும். அந்தப் பழைய படிவம் இன்னும் திறந்திருந்தால் ஆட்கள் அதில் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே பழையதில் ‘பதில்களை ஏற்பதை’ நிறுத்துவதுதான் முதல் வேலை.

அடையாள அட்டைக் கட்டத்தையும் பாருங்கள். பழைய அட்டை எண் 9 இலக்கமும் ஒரு எழுத்தும், ஆக 10. புதியது 12 இலக்கம். பல வருடமாக நகலெடுத்துக்கொண்டே வரும் படிவத்தில் கட்டுப்பாடு 10இலேயே நிற்கும், இளம்பிள்ளைகள் எல்லோரும் அங்கேயே திரும்பிப் போவார்கள். பட்டியலை எக்செலில் திறக்கும்போது அடையாள அட்டை, தொலைபேசி என்ற இரண்டு பத்தியையும் உரை வகையாக இறக்குங்கள். இல்லாவிட்டால் 07இல் தொடங்கும் தொலைபேசி எண்ணின் முன் பூச்சியம் போய்விடும், 12 இலக்கமும் சுருங்கிய அறிவியல் வடிவில் தெரியும்.

நுவரெலியா

ஒன்லைன் பேச்சாளர் இருந்தால் விபரத்தில் கையால் எழுதிய வெளிநாட்டு நேரத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். நமக்கு இரவு 7.30 என்றால் லண்டனில் ஜனவரியில் பிற்பகல் 2.00, ஜூலையில் 3.00. டொரொண்டோவில் காலை 9.00, ஜூலையில் 10.00. நம் கடிகாரம் நகராது, அவர்களுடையது கோடையில் ஒரு மணி முன்னே நகரும்.

கண்டி

போன வருட நிகழ்வையே நகலெடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. கடைசி நேரத்தில் செய்த ஒட்டுவேலை எல்லாம், அதாவது ஒருவருக்காகத் திறந்த இலவச டிக்கெட், மாற்றிய மண்டபம், காலாவதியான சலுகைக் குறியீடு, அடுத்த வருடத்துக்கும் சேர்ந்து வரும். ‘மாதிரி’ என்று ஒரு நிகழ்வை வெளியிடாமல் வைத்து, அதையே நகலெடுங்கள். நிகழ்வு முடிந்த வாரமே நல்ல திருத்தங்களை மாதிரிக்குள் ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாதிரி பழசாகிப் பயனற்றுப் போகும். மடல்களில் திகதியையும் இடத்தையும் கையால் எழுதாமல், மென்பொருள் தானாக நிரப்பும் நிரப்பிடங்களைப் போடுங்கள்.

நகலெடுத்ததும் அது வரைவு நிலையில்தானா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் முன். பிறகு திகதிகள், அதன் பின் இருக்கைகள். டிக்கெட் வகைக்கு ஒரு எல்லை, முழு நிகழ்வுக்கு இன்னொரு எல்லை, இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருக்கும். 300 பேர் மண்டபத்திலிருந்து 120 பேர் வாசிகசாலைக்கு மாறும்போது ஒன்றை மட்டும் குறைத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

ஹட்டன்

கண்டி அக்கா சொன்னது சரி. வெளியிட்ட பின் உள்நுழையாத வேறொரு கைத்தொலைபேசியிலிருந்து ஒரு பதிவு போட்டுப் பாருங்கள். வரும் மடல், எஸ்எம்எஸ், வட்ஸ்அப்பில் இணைப்பைப் போடும்போது தெரியும் படம், வாசலில் ஸ்கேன் செய்யும் செயலி புதிய நிகழ்வைத்தான் காட்டுகிறதா என்பது, எல்லாம் அந்த ஒரு பதிவில் தெரிந்துவிடும். பார்த்து முடிந்ததும் அதை இரத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு இருக்கை அதற்கே போகும்.