மறு: மறு: கெர்னிங் — தமிழில் என்ன சொல்லலாம்? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வரைகலை மாணவர்களுக்கான எழுத்துருப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. ஃபாண்டுக்கு எழுத்துரு, லீடிங்குக்கு வரியிடை, டிராக்கிங்குக்கு எழுத்திடை என்று வைத்தாயிற்று. இவற்றில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நம்புகிறேன். கெர்னிங்கில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவில் ‘எழுத்து இடைவெளிச் சீரமைப்பு’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் டிராக்கிங்கையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். டிராக்கிங் ஒரு வரியில் உள்ள எல்லா இடைவெளிகளையும் ஒரே அளவில் கூட்டும் அல்லது குறைக்கும். கெர்னிங் அப்படியல்ல. குறிப்பிட்ட இரண்டு எழுத்துகள் பக்கத்தில் வந்தால் மட்டும், அந்த இரண்டுக்கு நடுவே மட்டும் கை வைக்கும். ஆங்கிலத்தில் பெரிய ஏ-யும் பெரிய வி-யும் அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஓட்டை விழுந்தாற்போல இருக்குமே, அதை அடைப்பது.

சொல் சின்னதாக இருக்க வேண்டும். வகுப்பில் “இதைக் கொஞ்சம் கெர்ன் பண்ணு” என்கிறோம். அந்த வாக்கியத்தில் உட்கார வேண்டும்.

செ. எழுதியது:

அன்புள்ள ந.,

சொல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. இரண்டு எழுத்துகள் சந்திக்கும்போது அவற்றுக்கிடையே ஒன்று தோன்றலாம், திரியலாம், கெடலாம். நிலைமொழி, வருமொழி. மாற்றம் இல்லையேல் இயல்பு, இருந்தால் விகாரம். நீங்கள் சொல்லும் டிராக்கிங் எல்லாருக்கும் பொது. கெர்னிங் இன்ன எழுத்தின் பின் இன்ன எழுத்து வந்தால் என்ற விதி. இது புணரியல் அல்லாமல் வேறென்ன? ‘எழுத்துப் புணர்ச்சி’ என்று வையுங்கள்.

இன்னொன்று. ‘எழுது’ என்பதற்கு வரைதல் என்ற பொருளும் பழையதே. கண்ணெழுதுதல், தொய்யில் எழுதுதல் என்கிறோம். ஆகவே எழுத்து என்பதே ஓர் ஓவியம். வரைகலை மாணவர்களுக்கு இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ந. எழுதியது:

செ. ஐயா, விளக்கம் அருமை. ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கும் அறையில் நான் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுத மாட்டேன்.

செ. எழுதியது:

இலக்கணச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பது கேட்பவர் குறை. சரி, ‘மயக்கம்’ எனலாமா? மெய்ம்மயக்கம் என்பதும் இன்ன மெய்யோடு இன்ன மெய் சேரும் என்ற விதிதான்.

தி. எழுதியது:

ஐயா, எனக்கு இப்போதே மயக்கம் வருகிறது.

என் கட்சி எல்லாருக்கும் தெரியும். கெர்னிங் என்றே விட்டுவிடுங்கள். மென்பொருளில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. மாணவர் நாளைக்கு வேலைக்குப் போனால் அங்கேயும் அதே சொல்தான் காதில் விழும். நாம் ஒரு சொல்லைச் செதுக்கிக் கொடுத்தால் அவர் அதைத் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்.

கு. எழுதியது:

வணக்கம். நான் ஈய எழுத்தில் அச்சுக் கோத்தவன். கணினி பிறகு வந்தது. தி. சொல்வது பாதி சரி, ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கே இப்போதைய பொருள் பிற்பாடு வந்ததுதான்.

கெர்ன் என்பது முதலில் ஒரு வேலையின் பெயர் அல்ல, ஒரு பொருளின் பெயர். அச்செழுத்து ஒரு சின்ன ஈயக் கட்டை. எழுத்தின் முகம் அந்தக் கட்டைக்குள் அடங்காமல் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், நீட்டிய அந்தத் துண்டுதான் கெர்ன். சாய்ந்த எஃப் எழுத்தின் கொக்கி அப்படி அடுத்த கட்டையின் தோள்மேல் போய் உட்காரும். அடுத்து வருவது புள்ளி வைத்த ஐ என்றால் கொக்கி புள்ளியில் இடித்து முறியும். அதனால்தான் இரண்டையும் ஒரே கட்டையில் சேர்த்து வார்த்தார்கள். இன்று அழகுக்காக வைத்ததுபோலத் தெரிகிற கூட்டெழுத்து, உண்மையில் முறிவுக்குப் பயந்து பிறந்தது.

கட்டைகளை விலக்குவது எளிது. நடுவில் தாமிரத் தகடு செருகினால் அரைப் புள்ளி, பித்தளைத் தகடு என்றால் ஒரு புள்ளி (இங்கே புள்ளி என்பது அச்சுக்கூட அளவு). நெருக்குவதுதான் பாடு. ஈயத்தை ஈயம் தடுக்கும். பெரிய தலைப்பு எழுத்துகளில் கட்டையின் ஓரத்தை அரத்தால் ராவித்தான் நெருக்க முடியும். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது, எனவே கை நடுங்கும்.

என் ஓட்டு: ‘ராவல்’. “இதைக் கொஞ்சம் ராவு” என்றால் வாக்கியத்தில் உட்காருகிறதா, ந. அம்மா?

தி. எழுதியது:

கு. அண்ணா, உட்காருகிறது. ஆனால் கெர்னிங்கில் இடைவெளியைக் கூட்டவும் செய்யலாமே. அரத்தால் ராவி எதைக் கூட்டுவது?

செ. எழுதியது:

நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு என்றதும் வேர் பிடிபட்டுவிட்டது. மூலை என்பதற்கான ஆங்கிலச் சொல் கொம்பு என்ற இலத்தீன் பொருளில் இருந்து வந்தது. கெர்னும் மூலை, விளிம்பு என்ற பொருளுடையது. கொம்பு என்பதற்கு நம்மிடம் ‘கோடு’ என்ற சொல் உண்டு. யானைக்கோடு. கோடு, கோணம், கோணல் எல்லாம் ஓர் இனம். ஆகவே கெர்ன் என்பதை நாம் ‘கொம்பு’ என்றே

மா. எழுதியது:

ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூலைக்கான ஆங்கிலச் சொல் கொம்பிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் கெர்ன் அதோடு ஒட்டாது. அது பிரெஞ்சு வழியாக, கீல் என்ற பொருள் கொண்ட வேறொரு இலத்தீன் சொல்லுக்குப் போகிறது. கதவுக் கீல். அப்புறம் கொம்பு ஏற்கெனவே வேலையில் இருக்கிறது: ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு. “கொம்புக்குக் கொம்பு வை” என்று பாடத்தில் எழுத முடியாது.

நான் எழுத்துரு செய்கிறவன், எனவே என் மேசையிலிருந்து சொல்கிறேன். புணர்ச்சி ஏன் பொருந்தாது என்பதற்கு வகுப்பறைச் சிரிப்பைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு.

‘இடைவெளி’ என்ற சொல்லைப் பெரிய அளவில் அடித்துப் பாருங்கள். புணரியல்படி அங்கே சந்திப்பவை எவை? ‘டை’யின் ஐகாரமும் ‘வெ’யின் வகரமும். கண்ணுக்குச் சந்திப்பவை? டகரமும் ஒற்றைக் கொம்பும். ஐகாரக் குறி டகரத்துக்கு இடப்பக்கம் போய்விட்டது, எகரக் குறி வகரத்துக்கு முன்னால் வந்துவிட்டது. காது கேட்கும் வரிசை வேறு, கண் பார்க்கும் வரிசை வேறு. எழுத்துருவுக்குள் கெர்னிங் கணக்குப் போடப்படுவது குறிகள் இடம் மாறி அமர்ந்த பிறகுதான், அதாவது கண்ணின் வரிசையில். புணர்ச்சி என்று பெயர் வைத்தால் மாணவர் ஐகாரத்தையும் வகரத்தையும் பிடித்துக்கொண்டு தடுமாறுவார்.

அந்தச் சொல்லில் சிக்கல் எங்கே என்றும் பாருங்கள். டகரத்துக்கு இடப்பக்கம் ஒரு தூண், கீழே ஒரு தரை, வலப்பக்க மேல்பாதி வெட்டவெளி. அந்த வெட்டவெளியை அடுத்து வளைந்த கொம்பு வருகிறது. பத்திகளின் சிறிய எழுத்தளவில் உறுத்தாது. தலைப்பில் வைத்தால் ‘இடை’ ஒரு சொல்லாகவும் ‘வெளி’ இன்னொரு சொல்லாகவும் பிரிந்து நிற்கும். ‘டி’ என்றால் இந்தச் சிக்கல் இல்லை. இகரக் குறியான விசிறி அந்த வெளியை நிரப்பிவிடும்.

மாறாக ‘பய’ போல இரண்டு நெட்டுக்கோடுகள் எதிரெதிரே வந்தால் நெருக்கடி தெரியும், தளர்த்த வேண்டும். வளைவும் வளைவும் சந்தித்தால் நெருக்கலாம். அளவுகோலில் சமம் என்று வைத்தால் கண்ணில் சமமாகத் தெரியாது. எனவே சொல்லில் குறைத்தலும் வேண்டாம், கூட்டலும் வேண்டாம். இரண்டு எழுத்து என்பது மட்டும் தெரிய வேண்டும். ‘இணையிடை’ என்பது என் பரிந்துரை. எழுத்திடை, இணையிடை, வரியிடை: மூன்றும் ஒரே குடும்பமாகவும் நிற்கும்.

ந. எழுதியது:

மா. அண்ணா, ‘இடைவெளி’ அடித்துப் பார்த்தேன். இத்தனை நாள் இது கண்ணில் படாமல் எப்படிப் பாடம் எடுத்தேன் என்று தெரியவில்லை. ஒரு கேள்வி. தமிழில் இப்படி எத்தனை இணைகளைப் பார்க்க வேண்டும்?

மா. எழுதியது:

247 எழுத்துகள் என்று வைத்தால் 61,009 இணைகள். பயப்பட வேண்டாம். யாரும் அத்தனையும் எழுதுவதில்லை. வலப்பக்க உருவம் ஒத்திருப்பவற்றை ஒரு வகுப்பாகவும், இடப்பக்க உருவம் ஒத்திருப்பவற்றை இன்னொரு வகுப்பாகவும் கட்டிவிட்டு, வகுப்புக்கு வகுப்பு மதிப்புக் கொடுப்போம். எழுத்தின் உயர அளவை ஆயிரம் பங்காகவோ 2048 பங்காகவோ பிரித்து அதில் இத்தனை பங்கு கூட்டு, குறை என்று எழுதுவது. உண்மையில் தொல்லை தருகிற வகுப்புகள் கொஞ்சம்தான். டகரம் அதில் முதல் ஆள்.

கு. எழுதியது:

டகரம் அப்போதும் அப்படித்தான். இன்னொரு ஆறுதல்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை நான்குக்கும் தனி உருவம், மேலே சுழி. அப்போது இணைகளைக் கணக்கிட்டிருந்தால் மா. தம்பி ஊரை விட்டே ஓடியிருப்பார்.

தி. எழுதியது:

இணையிடையில் எனக்கு ஒரு சந்தேகம். கெர்னிங் என்பது செயல், இணையிடை என்பது இருக்கும் நிலை. “இணையிடை பண்ணு” என்றால் யாருக்குப் புரியும்? ‘இணையிடைச் சீர்’ என்று நீட்டினால் ந. கேட்ட ‘சின்னச் சொல்’ போய்விடும். கெர்னிங்குக்கு இந்த வம்பே இல்லை.

செ. எழுதியது:

குறுக்கம்? ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் போல ‘இடைக் குறுக்கம்’. மாத்திரை குறைவது போல வெளி குறைகிறது. கூட்டுவதற்கு அளபெடை. இரண்டு செயல், இரண்டு சொல். ஆங்கிலத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றோடு நிற்க வேண்டுமா?

மா. எழுதியது:

ஐயா, மென்பொருளில் அதற்கு ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது. உள்ளே எண் எழுதுகிறோம், முன்னால் கழித்தல் குறி போட்டால் குறுக்கம், போடாவிட்டால் அளபெடை. ஒரு பெட்டிக்கு இரண்டு பெயர் ஒட்ட முடியாது.

செ. எழுதியது:

பெட்டிக்காக மொழியா, மொழிக்காகப் பெட்டியா என்ற கேள்வியை இங்கே எழுப்ப மாட்டேன். ஞாயிறு இரவு பதினொன்றாகிவிட்டது.

ந. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இணையிடைக்கு மா. அண்ணாவும் நானும், தனிமடலில் இன்னும் இருவரும். ராவலுக்குக் கு. ஐயா. கெர்னிங்குக்குத் தி. செ. ஐயா குறுக்கத்தில் நிற்கிறார். பாடத்தில் இணையிடை என்றே வைத்துவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘மென்பொருளில் கெர்னிங் என்று இருப்பது’ என ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தி.க்கு அது போதும் என்று நினைக்கிறேன். ஈயக் கட்டை விளக்கத்தைக் கு. ஐயாவின் சொற்களிலேயே பெட்டிச் செய்தியாகப் போட்டுவிட்டேன்.

தி. எழுதியது:

போதாது. ஆனால் தூங்கப் போகிறேன்.

மா. எழுதியது:

இரண்டாம் இயலின் தலைப்பு ‘இடைவெளி’தானே? அதைச் சரிசெய்தீர்களா?

ந. எழுதியது:

ராவிவிட்டேன் அண்ணா.

செ. எழுதியது:

அன்புள்ள ந., இப்போதுதான் கவனித்தேன். லீடிங்குக்கு ‘வரியிடை’ என்று வைத்திருக்கிறீர்கள். ஈய எழுத்துக் காலத்தில் அது இரண்டு வரிகளுக்கு நடுவே செருகிய ஈயப் பட்டை, எனவே ‘இடை’ சரி. இப்போதைய கணினியில் ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரை அளக்கிறார்கள் என்று மா. முன்பொருமுறை சொன்னார். எழுத்தின் உயரமும் அதற்குள் அடங்கிவிடுகிறதே, அது எப்படி இடையாகும்? ‘வரித்தொலைவு’ அல்லவா? காலை ஆறு மணிக்கு விரிவாக எழுதுகிறேன்.