ரெண்டரிங் கணினிக்கு ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

முப்பரிமாணன்:
பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இரவு முழுக்க ரெண்டர் (காட்சிகளைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) ஓடுவதற்காக ஒரு கணினி கட்டுகிறேன். சிப் (பிராசசர்) இன்டெல் கோர் ஐ7-14700கே, வாங்கியாயிற்று. ஊர் சென்னை, அறையில் ஏசி கிடையாது. சிப்பின் சூட்டைத் தகடுகளும் ஃபேனும் கொண்டு தணிக்கும் பெரிய ஏர் கூலர் போதுமா, பம்ப் மூலம் திரவத்தைச் சுற்றவிட்டு 360 மி.மீ. ரேடியேட்டரில் ஆறவைக்கும் லிக்விட் கூலர் வேண்டுமா? கடைக்காரர் இரண்டாவதைத்தான் சொல்கிறார்.

ரேடியேட்டர்ராஜா:
கடைக்காரர் சொல்வது சரி. அந்தச் சிப் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும் என்று இன்டெல்லே குறித்திருக்கிறது. மே மாதத்தில் உங்கள் அறைக்காற்றே 36, 37 டிகிரியைத் தொடும். சிப்பின் உச்ச வரம்பு 100. இந்த இடைவெளியில் காற்றை நம்பியா இறங்குவீர்கள்? ஒரு லிட்டர் தண்ணீர் ஏந்தும் வெப்பத்தை ஏந்த மூவாயிரம் லிட்டருக்கு மேல் காற்று வேண்டும்.

செம்புத்தகடு:
கூலருக்குள் ஒரு லிட்டரா இருக்கிறது? 300 மில்லி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 250 வாட் வெப்பம் அதை ஐந்து நொடிக்கு ஒரு டிகிரி வீதம் சூடாக்கும். இரவு முழுக்க ஓடும் ரெண்டருக்கு இந்தக் கையிருப்பு எந்த மூலைக்கு? அதன் பிறகு வேலை செய்வது ரேடியேட்டரின் பரப்பும் ஃபேனும்தான், அதாவது காற்று. இன்னொன்றும் சொல்கிறேன்: ஏர் கூலரின் செம்புக் குழாய்களுக்குள்ளும் பெரும்பாலும் துளித் தண்ணீர் உண்டு. அது சிப்பின் சூட்டில் ஆவியாகி, தகடுகளிடம் போய்க் குளிர்ந்து, தானே திரும்பி வருகிறது. பம்பே தேவையில்லை.

ரேடியேட்டர்ராஜா:
பரப்புதான் எல்லாம் என்றால் என் பக்கம் வந்துவிட்டீர்கள், நன்றி. 360 ரேடியேட்டரில் மூன்று ஃபேன். பெரிய ஏர் கூலரான நாக்டுவா என்எச்-டி15இல் இரண்டு. அதுவும் 1.3 கிலோ எடையோடு மதர்போர்டில் தொங்கிக்கொண்டு, கிராபிக்ஸ் கார்டு கக்கும் சூட்டையே உறிஞ்சும். ரேடியேட்டரை முன்பக்கம் வைத்தால் வெளிக்காற்று நேராகக் கிடைக்கும்.

செம்புத்தகடு:
கிடைக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த ரேடியேட்டரின் சூடு கிடைக்கும்! ரெண்டர் கார்டில் ஓடுகிறதா, சிப்பில் ஓடுகிறதா என்று இதுவரை யாரும் கேட்கவே இல்லை. கசிவைப் பற்றியும் பேச்சே இல்லை. ஆப்பிள் 2004இல் பவர் மேக் ஜி5க்குத் திரவக் குளிர்விப்பு வைத்தது. அதில் கசிந்த எந்திரங்களின் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா?

ரேடியேட்டர்ராஜா:
இருபது ஆண்டுக்கு முந்திய எந்திரத்தைக் காட்டி இன்றைய கூலருக்குத் தீர்ப்பா?

பழுதுமேசை:
கணினிப் பழுதுபார்ப்பு என் தொழில். கசிவு என்று வருபவர்கள் குறைவு. பம்ப் இரைகிறது, நின்றுவிட்டது என்றுதான் வருகிறார்கள். சில ஆண்டுகளில் திரவம் குழாய்ச் சுவர் வழியாகவே மெல்லக் குறையும், உள்ளே காற்று சேரும். ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருந்தால் அந்தக் காற்று மேலே போய் ஒதுங்கிவிடும். பலர் தலைகீழாகப் பொருத்தி, பம்பையே கரகரக்க வைக்கிறார்கள். ஏர் கூலரில் கெட்டுப்போவது ஃபேன் மட்டும், அதையும் தெருமுனைக் கடையில் வாங்கலாம். எதைப் பொருத்தினாலும் 253 வாட்டும் கடைசியில் அந்த மூடிய அறைக்குள்தான் இறங்கும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில்) சிப்புக்கு 180 வாட் வரம்பு வையுங்கள். ரெண்டர் கொஞ்சம்தான் தாமதமாகும், சூடு கணிசமாகக் குறையும்.

ரேடியேட்டர்ராஜா:
காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் கட்டிப்போடச் சொல்வது ஒரு யோசனையா?

முப்பரிமாணன்:
ரெண்டர் சிப்பில்தான் ஓடுகிறது. காட்சிகள் கார்டின் நினைவகத்தில் அடங்குவதில்லை. என் கேபினெட்டில் கூலர் உயரம் 160 மி.மீ. வரை என்று போட்டிருக்கிறது.

ரேடியேட்டர்ராஜா:
டி15இன் உயரம் 165. கதவு மூடாது, வழக்கு முடிந்தது.

செம்புத்தகடு:
வழக்கு எங்கே முடிந்தது? 160க்குள் அடங்கும் இரட்டைக் கோபுர (இரண்டு தகட்டு அடுக்குள்ள) ஏர் கூலர்களும் உண்டு, 180 வாட்டை அவை தாங்கும். முப்பரிமாணன், காற்று உள்ளே வர கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியா, வலையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.