வழியெல்லாம் சரியாக எழுதுகிறார்கள், ஏன் என்று கேட்டால் விழிக்கிறார்கள்

புதிய ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை:
கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு, தமிழ்வழி. நோட்டைத் திறந்தால் முத்து முத்தான கையெழுத்து. இருபடிச் சமன்பாட்டில் ஒரு படி விட்டுப்போயிருக்காது. ‘இங்கே ஏன் 25-ஐக் கூட்டினாய்?’ என்றால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நெருங்குகிறது. மனப்பாடத்தோடு விட்டுவிடுவதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், சித்தூர்:
விட்டுவிடாதீர்கள், டீச்சர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அடக்கமாக இருக்கிறாள், அழகாக எழுதுகிறாள் என்று வீட்டிலும் பள்ளியிலும் பாராட்டியே வளர்த்துவிடுகிறோம். புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல யாரும் பழக்கவில்லை. நோட்டைப் பார்த்து எடை போடாதீர்கள்.

பழைய நாள்காட்டித் தாள் கொண்டுவரச் சொல்லுங்கள். எக்ஸ் வர்க்கம் + 10 எக்ஸ் = 39 என்று கரும்பலகையில் எழுதுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எடுத்துக்கொண்ட அதே கணக்கு. பக்கம் எக்ஸ் கொண்ட சதுரம் ஒன்று வேண்டும். நீளம் தெரியாததுதானே, கைக்கு வந்த அளவில் வெட்டட்டும். 10 எக்ஸை, நீளம் எக்ஸ், அகலம் 5 உள்ள இரண்டு பட்டைகளாக்கி, ஒன்றை வலப்பக்கமும் இன்னொன்றைக் கீழேயும் வைக்கட்டும். மூலையில் கொஞ்சம் இடம் காலியாக நிற்கும். அது எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி. ஐந்தைந்து இருபத்தைந்து என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். மூலையை அடைத்தால் முழுச் சதுரம்: 39-உம் 25-உம் 64, பக்கம் 8, அதில் பட்டையின் 5 போக எக்ஸ் 3.

ஒருமுறை என் வகுப்பில் இதைச் செய்தபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, ‘சூத்திரத்தில் -13 என்றும் வருகிறதே, அது தாளில் எங்கே, டீச்சர்?’ என்று கேட்டாள். அன்று முழுவதும் வீட்டில் அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது. அதனால் சமன்பாட்டில் இருக்கும் அந்த விடைக்குத் தாளில் இடமில்லை. அல்-குவாரிஸ்மியும் 3-ஐ மட்டுமே விடையாகக் கொண்டார்.

முன்னாள் மாணவி, வேலந்தாவளம்:
எங்கள் கணக்கு டீச்சர் ஆழியாற்றுத் தண்ணீரை வைத்துக் கணக்குக் கொடுப்பார். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு மணக்கடவில் கேரளத்துக்கு விட வேண்டியது ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. 100 கோடி கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். பெருக்கினால் சுமார் 20,500 கோடி லிட்டர். பத்தின் அடுக்குகள் எனக்குப் பிடிபட்டது அங்கேதான். வாய்க்காலை நம்பிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. நோட்டை அப்பாவிடம் காட்டியபோது, ‘பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு கணக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்த பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

புதிய ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை:
இருவருக்கும் நன்றி. நாளைக்கே தாள் கொண்டுவரச் சொல்கிறேன். ஒரு பீரியடில் முடியுமா, டீச்சர்?

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், சித்தூர்:
முடியாது. இரண்டு பீரியட் சேர்த்து வாங்குங்கள். விளையாட்டு பீரியடை மட்டும் கேட்காதீர்கள். பல பிள்ளைகளுக்கு ஓடியாடக் கிடைப்பது அந்த நேரம் ஒன்றுதான். மூலைத் துண்டை நீங்களே வெட்டிக் கொடுத்துவிடவும் வேண்டாம்.