கெர்ஃப்: ‘வெட்டகலம்’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

கெர்ஃப் (kerf) என்பது வெட்டும்போது லேசரோ வாளோ தின்றுவிடும் பலகையின் அகலம். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் வெட்டுத்தடம், வெட்டிழப்பு, சேதாரம் என்று மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. ‘வெட்டகலம்’ என்பதையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹட்டன் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளுக்காக, ஒரு மேசை மூலையில் அடங்கும் மலிவான லேசர் வெட்டுப்பொறி ஒன்றை வடிவமைத்து வருகிறோம். கூடவே தமிழில் ஒரு கையேடும் எழுதுகிறோம். அதில் அடிக்கடி வருகிற சொல் இதுதான்.

விலையைக் குறைக்க இரும்புத் திருகுத்தண்டை விட்டுவிட்டு, 2 மி.மீ. பல் இடைவெளியுள்ள பெல்ட்டும் 20 பல் கப்பியும் போடுகிறோம். ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும். ஒரு சுற்றை 200 படியாக எடுக்கும் மோட்டரை ஒரு படிக்குப் பதினாறு நுண்படியாக ஓட்டினால் சுற்றுக்கு 3200. அதாவது ஒரு நுண்படி 0.0125 மி.மீ. கணக்குப்படி இது தச்சு வேலைக்குத் தாராளம். ஆனால் லேசர் போன வழியில் எரிந்து போகும் பலகை 0.2 மி.மீ. என்றால், அது ஒரு நுண்படியைப் போலப் பதினாறு மடங்கு. பெட்டியின் மூலையைக் கோத்துச் சேர்க்க 10 மி.மீ. என்று வரைந்த பல் 9.8 ஆகும், அது நுழைய வேண்டிய பள்ளம் 10.2 ஆகும். பெட்டி கையில் எடுத்ததும் ஆடும்.

விலைகூடிய பொறிகளில் கட்டுப்பாட்டுப் பலகையே ஜி41, ஜி42 கட்டளைகளால் இதைச் சரிக்கட்டிவிடும். நாங்கள் பயன்படுத்தும் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் அந்த வசதி இல்லை. ஆகவே பட்டறைக்காரரே கெர்ஃபை அளந்து, அதில் பாதியை வரைபடத்தில் ஒவ்வொரு பக்கமும் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பலகைக்குப் பலகை அளவு மாறும். மழை மாதங்களில் இங்கே ஈரம் குடித்த பிளைவுட் வெட்டுக்கு ஒரே மாதிரி நிற்பதில்லை, அதனால் அடிக்கடி அளக்க வேண்டியிருக்கும்.

அளக்கும் முறை எளிது. 10 மி.மீ. அகலத்தில் பத்துத் துண்டுகளை ஒட்டி ஒட்டி வரைந்து வெட்டுங்கள். மொத்தம் பதினொரு கோடுகள். துண்டுகளை வெட்டிய சட்டத்துக்குள்ளேயே ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளுங்கள். மறுபக்கம் விழும் இடைவெளியை வேணியர் அளவியால் அளந்து பதினொன்றால் வகுத்தால் போதும். 2.2 மி.மீ. இருந்தால் 0.2.

இப்போது சொற்களைப் பாருங்கள். இங்கே கையில் கிடைப்பது ஓர் அகலம். ‘வெட்டிழப்பு’ என்றால் எடையையோ பரப்பையோ தேடத் தோன்றும். கழிவுத் துண்டையும் அதில் சேர்ப்பார்கள். சேதாரம் நல்ல புழக்கச் சொல்தான், ஆனால் நகைக்கடையில் அதற்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. ‘வெட்டுத்தடம்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். அதை முனை நகரும் பாதைக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கும் ஒரு சொல் வேண்டுமே. அப்புறம் ‘வெட்டுத்தடத்தை அரை வெட்டகலம் வெளியே தள்ளு’ என்று ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது. படித்ததும் கை அந்த வேலையைச் செய்யும்.

இரும்புத் தகடு வெட்டும் பிளாஸ்மாவுக்கும் இது ஒத்துவரும். அங்கே வெட்டு பெரும்பாலும் மேலே அகன்று கீழே ஒடுங்கும். மேல் வெட்டகலம், கீழ் வெட்டகலம் என்று பிரித்து எழுதலாம். வாளுக்கும் சரி: வட்டவாளில் 3 மி.மீ. அளவுக்குப் போகும்.

பலகையையோ தகட்டையோ துளைத்துத் தொடங்கும் இடத்திலிருந்து வெட்டுமுனையை உண்மையான கோட்டுக்குக் கொண்டுவரும் சிறு பகுதிக்கு ‘நுழைதடம்’ என்று எழுதியிருக்கிறேன். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இரும்பு வேலை செய்கிறவர்கள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், அதையே போட்டுவிடுவோம்.