பினாங்கில் பை, குப்பை, பஸ், ஃபெரி: உங்கள் அனுபவம் என்ன?

ஆயர் ஈத்தாம் வாசி:
கட்சிச் சண்டை வேண்டாம். மாநிலமோ மாநகர் மன்றமோ கூட்டரசோ போட்ட ஒரு விதி உங்கள் அன்றாடத்தில் எங்கே வந்து இடித்தது, அதை மட்டும் எழுதுங்கள்.

என் கதை குப்பைக் கதை. 2016 ஜூனில் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துப் போடச் சொன்னார்கள், அடுத்த ஆண்டு ஜூனிலிருந்து அபராதம் என்றார்கள். எங்கள் ஃபிளாட்டில் முதலில் யாரும் அசைந்து கொடுக்கவில்லை. நானும் மனைவியும் பாட்டில், பேப்பர், டின் எல்லாம் கழுவித் தனியாகக் கட்டி வைத்தோம். லாரி வந்தது. எல்லாப் பையையும் ஒரே வாயில் கொட்டிக்கொண்டு போய்விட்டது. மேல்மாடிச் சீன மாமா சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஃபிளாட் கமிட்டி விடாமல் எழுதிக் கேட்டது. மறுசுழற்சிப் பொருளுக்குத் தனி நாள் ஒதுக்கிய பிறகுதான் மற்றவர்களும் பிரிக்க ஆரம்பித்தார்கள். மக்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லாரி சரியாக வந்தால் ஜனங்கள் செய்வார்கள்.

இங்கே இன்னொன்று. 2007ஆம் ஆண்டின் கூட்டரசு திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்கவில்லை. அதனால் குப்பை இன்னும் நம் உள்ளூர் மன்றங்களின் கையில்தான். புகார் கொடுக்கப் பக்கத்திலேயே ஆள் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அந்தச் சட்டத்தை ஏற்ற கெடாவில் இருக்கும் என் தங்கைக்குச் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை.

லெபோ பாசார் மளிகைக்காரர்:
பைக் கதை என்னிடம்தான் இருக்கிறது. 2009இல் திங்கட்கிழமை மட்டும் இலவசப் பை கிடையாது என்றார்கள். 2011 ஜனவரியிலிருந்து எல்லா நாளும், வேண்டுமென்றால் 20 காசு. அந்த ஆரம்ப மாதங்களில் நான் வாங்காத ஏச்சு இல்லை. கறிவேப்பிலைக்குக் கூடப் பை தர மாட்டியா என்று ஒரு பாட்டி சண்டை போட்டு, தக்காளியை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அடுத்த வாரம் துணிப்பையோடு வந்தார். அந்தப் பையை அவர் மகன் பழைய சட்டையில் தைத்துக் கொடுத்தாராம்.

எனக்குப் புரிந்தது இதுதான். 20 காசு யாருக்கும் பெரிய காசாக இருக்கவில்லை. ஆனால் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, கல்லாவில் நாலு பேர் பார்க்கக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கூச்சம்தான் வேலை செய்தது. சும்மா நீட்டினால் எடுத்துக்கொள்கிற அதே கை, கேட்கச் சொன்னால் பின்வாங்குகிறது. போஸ்டர் ஒட்டிச் சாதித்தது ஒன்றுமில்லை. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மட்டும் இன்றைக்கும் சிவப்புப் பை தாராளமாகப் பறக்கிறது, அங்கே யார் போய்ப் பார்ப்பது?

பட்டர்வொர்த் அக்கா:
அண்ணே, நீங்கள் சொல்வது சரி. ஆனால் முன்பு கடைப் பையில்தான் வீட்டுக் குப்பையைக் கட்டிப் போடுவேன். இப்போது அதற்கென்று குப்பைப் பை ரோல் காசு கொடுத்து வாங்குகிறேன். பிளாஸ்டிக் குறைந்ததா, வேறு அலமாரிக்கு மாறியதா?

நிபோங் திபால்காரன்:
தீவில் இருப்பவர்கள் குப்பையைப் பற்றிப் பெருமை பேசும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பிரித்தது போக மிச்சம் எங்கே வருகிறது? எங்கள் பக்கத்துப் பூலாவ் புரோங் குப்பை மேட்டுக்கு. 2022 ஜனவரியில் அந்தக் குப்பை மேடு தீப்பிடித்தபோது ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அப்படியும் துணியெல்லாம் புகை நாற்றம். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பிறை மோட்டார்காரர்:
தீவில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, வீடு பெருநிலப் பக்கம். 2019 ஜனவரி முதல் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. கையில் காசு மிஞ்சியது, நன்றி. அதனாலேயே பஸ்ஸை மறந்துவிட்டேன் என்பதும் உண்மை. என் லைனில் முன்பு பஸ்ஸில் வந்தவர்கள் இப்போது மோட்டாரில் வருகிறார்கள். பாலத்தின் நடுவில் மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் மோட்டாரை இழுத்துப் பிடிப்பதே பெரும்பாடு. இரண்டாவது பாலத்தில் மோட்டாருக்குத் தனி வழி உண்டு, ஆனால் எனக்கு அது சுற்று.

எல்ஆர்டி என்கிற இலகு ரயில் வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கு: 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், 2031இல் முடியுமாம். சரி, வரட்டும். ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். பட்டர்வொர்த்தில் ஏறினால் கடலைத் தாண்டி ஜார்ஜ்டவுன் போய், அங்கிருந்து தெற்கே இறங்கித்தான் பாயான் லெப்பாஸ். பாலம் எனக்கு நேர்வழி. நடுராத்திரி ஷிஃப்ட் முடிகிறவனுக்கு ரயில் ஓடுமா? என்னைக் கேட்டால், ஷிஃப்ட் நேரத்துக்குப் பாலத்தின் மேல் நாலு பஸ் கூடுதலாக விட்டால் நாளைக்கே மோட்டாரை வீட்டில் வைத்துவிடுவேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி சொல்வது நியாயம். நான் ஃபெரிக்காரன். கார் ஏற்றும் பழைய ஃபெரிகள் 2020 கடைசியோடு போயின. 2023இல் வந்த புதியவற்றில் ஆளும் மோட்டாரும் சைக்கிளும் மட்டும். காரை இந்தப் பக்கமே விட்டுவிட்டு வரப் பழகிவிட்டேன், உண்மையில் அதுவே நிம்மதி. ஜெட்டியில் இறங்கினால் நகர நடுவில் உள்ள கொம்தார் கட்டடம் வரை இலவச பஸ் உண்டு. அதற்கு அப்பால் போக வேண்டுமென்றால்தான் பொறுமை வேண்டும். பஸ் நிறுத்தத்தில் சில நாள் நிழல்கூட இருப்பதில்லை.

இந்த ஊரில் ஆயர் ஈத்தாம் வரைக்கும் டிராம் ஓடியிருக்கிறது. 1936இல் நிறுத்தினார்கள். டிராலி பஸ்ஸும் 1961இல் போனது. இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு இப்போது மறுபடி தண்டவாளம் போடுகிறோம்.

தெலுக் கும்பார்:
எங்கள் பக்கத்துக் கடலை யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். தெற்கே கடலைத் தூர்த்து மூன்று தீவுகள், 4,500 ஏக்கர், அந்த நிலத்தின் வருமானத்தில் போக்குவரத்துத் திட்டத்துக்குப் பணம் என்றுதான் முதலில் சொன்னார்கள். 2023இல் அது ஒரே தீவாகச் சுருங்கியது, சுமார் 2,300 ஏக்கர். 2024இல் எல்ஆர்டி செலவைக் கூட்டரசே ஏற்றுக்கொண்டது. என் மலாய்க்கார நண்பர் ஒருவர் மீன்பிடிக்கிறவர், இறால் கிடைத்தால் எனக்கும் கொஞ்சம் எடுத்து வைப்பார். அவர் கேட்கிறார்: ரயிலுக்குத்தான் காசு வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு எங்கள் கடல்? தொழிற்சாலைக்கு இடம் வேண்டும், வேலை வரும் என்று சொன்னேன். இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள் என்றார்.

பிறை மோட்டார்காரர்:
அண்ணே, உங்கள் நண்பருக்கு வேலை கிடைக்காதுதான். என் மகனுக்குக் கிடைக்கலாம். அதனால் அந்தத் தீவை நான் எதிர்க்கவில்லை, இறால் விலை ஏறினால் திட்டவும் செய்வேன். அங்கே ஃபேக்டரி கட்டுகிறவர்கள் காலை ஷிஃப்ட்டுக்குப் பிறையிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்தே அறிவித்துவிட்டால் நல்லது.