அபெர்ச்சருக்கு ‘ஒளிக்கண்’: வெயிலுக்கு வீசம், நிழலுக்குக் கால்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கேமரா லென்ஸில் ஒளி உள்ளே வருவதற்காக விரிந்து சுருங்கும் வழிக்கு ‘அபெர்ச்சர்’ என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுப் போன வாரம் இந்த இழையைத் தொடங்கியது நான்தான். இதுவரை துளை, ஒளித்துளை, துவாரம், திறப்பு, இடைவெளி, கண்மணி என்று ஆறு சொற்கள் வந்திருக்கின்றன. எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காகக் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகள் மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சேர்த்து வைத்த பணத்தில் தன் முதல் கேமராவை வாங்கியிருக்கிறாள். ஒருவர் பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய கேமரா), கூடவே ஒரு 18-55 லென்ஸ். அவளும் தோழிகள் மூன்று பேரும் வாராவாரம் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். கேமரா, லென்ஸ், சென்சார் எல்லாம் அப்படியே இருக்கட்டும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அபெர்ச்சர் என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. நால்வரும் இதுவரை ஃபோனில் மட்டுமே படம் எடுத்தவர்கள். பெரும்பாலான ஃபோன்களில் லென்ஸின் திறப்பைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே இந்தப் பொருளே அவர்களுக்குப் புதிது. பொருளும் புதிது, சொல்லும் புரியாதது என்றால் பிள்ளைகள் ‘ஆட்டோ’வில் வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள்.

> ‘துளை’ என்பதே போதுமே. எளிய சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல்.

எளிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் துளை என்பது ஒருமுறை போட்டால் போட்டபடி இருப்பது. சுவரில் ஆணிக்குப் போட்ட துளை காலையில் பெரிதாகவும் மாலையில் சிறிதாகவும் ஆகாது. அபெர்ச்சரின் வேலையே விரிவதும் சுருங்குவதும்தான். பள்ளியில் அட்டைப்பெட்டியில் செய்கிற ஊசித்துளைக் கேமராவுக்குத் துளை பொருத்தமான சொல், ஏனென்றால் அந்தத் துளை மாறுவதில்லை. அதை அங்கேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ‘திறப்பு’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடைத் திறப்பு, அணைத் திறப்பு என்று அது ஒரு செயலைத்தான் சொல்கிறது, உறுப்பைச் சொல்வதில்லை.

> கண்ணில் பாவை சுருங்கி விரிவது போலத்தானே இதுவும்? ‘கண்மணி’ என்று சொல்லலாமா?

பரமக்குடி அக்கா எழுதியது இது. இந்த இழையிலேயே மிக அருகில் வந்த யோசனை இதுதான். நம் பாவை வெயிலில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கும், இருட்டில் 8 வரை விரியும். கேமராவில் இதழ் இதழாக உள்ள தகடுகள் செய்வதும் இதே வேலையைத்தான். ஆனால் கண்மணி என்றதும் தாலாட்டும் செல்லப்பெயரும் முன்னால் வந்து நிற்கின்றன. ‘கண்மணியைச் சுருக்கு’ என்று ஒரு பாடக்குறிப்பில் எழுத எனக்குக் கை வரவில்லை.

அதனால் ஒரு படி பின்னால் போய் ‘கண்’ என்றே வைக்கலாம் என்கிறேன். தனியாகச் சொல்லும்போது ஒளிக்கண், பேச்சில் வெறும் கண். தமிழில் கண் என்பது பார்க்கும் உறுப்பு மட்டும் இல்லையே! சல்லடைக்குக் கண் உண்டு, மீன்வலைக்குக் கண் உண்டு, தேங்காய்க்கு மூன்று கண். பாலத்தின் வளைவுத் திறப்புகளையும் இத்தனை கண் என்றுதான் எண்ணுகிறோம். நம் பக்கத்தில் ஏரியைக் கண்மாய் என்கிறோம். அது ‘கண்வாய்’ என்பதன் மரூஉ என்று சொல்வதுண்டு. அதாவது ஏதோ ஒன்று ஊடே கடந்து போவதற்கு அளவாக விட்ட வழிக்குத் தமிழன் வைத்த பெயர் கண். தண்ணீர் கடந்தால் மதகின் கண், மாவு கடந்தால் சல்லடைக் கண், ஒளி கடந்தால் ஒளிக்கண். இதில் வலிந்து கட்டியது எதுவும் இல்லை.

வினைச்சொற்கள் ஏற்கெனவே நம் வாயில் தயாராக இருப்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. கண்ணைத் திற, கண்ணைச் சுருக்கு, கண்ணை இடுக்கு. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பெரியவர் மாட்டுத்தாவணியில் பஸ் போர்டை எப்படிப் படிக்கிறார்? கண்ணை இடுக்கிக்கொண்டு. இடுக்கினால் ஏன் தெளிவாகத் தெரிகிறது? ஒளி வரும் வழி குறுகும்போது கலங்கல் குறைந்து, தெளிவு முன்னும் பின்னும் பரவுகிறது. கேமராவிலும் நடப்பது இதுவே. கண்ணை இடுக்கினால் பக்கத்துத் தூணிலிருந்து கடைசித் தூண் வரை எல்லாம் தெளியும். அகலத் திறந்தால் ஒரு தூண் மட்டும் தெளிந்து மற்றவை கரைந்துவிடும். இதை நான் நால்வரிடமும் சொன்ன இடம் திருமலை நாயக்கர் மகால். சொல்லி முடிப்பதற்குள் செய்து பார்த்துவிட்டார்கள். துளை என்று சொல்லிக் கொடுத்திருந்தால் இந்த இடுக்கலும் திறத்தலும் சேர்ந்து வந்திருக்காது.

சரி, இப்போது எண்ணுக்கு வருகிறேன். என் மனத்தை உறுத்திக்கொண்டிருப்பது அதுதான்.

புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. கேமராத் திரையில் எஃப் 4, எஃப் 8, எஃப் 16 என்று காட்டும். எண் பெரிதானால் திறப்பும் பெரிது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். பல வருடங்களுக்கு முன் என் முதல் டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அதிகாலையில் போய் நின்றேன். வெளிச்சம் குறைவு, ஆகவே திறப்பைப் பெரிதாக்க வேண்டும் என்பது தெரியும். இருந்ததில் பெரிய எண்ணாக 16 வைத்தேன். கேமரா தன் கணக்குப்படி ஒளிக்காகக் காத்திருந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நொடி போல எடுத்துக்கொண்டது. தங்கக் குதிரையும் கூட்டமும் பீய்ச்சிய தண்ணீரும் சேர்ந்து ஒரே கலங்கலாக வந்தன. 4-இல் வைத்திருந்தால் 16 மடங்கு ஒளி உள்ளே வந்திருக்கும். ஒரு வருடம் காத்திருந்த காட்சி அது. இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. விற்ற கடைக்காரர் மெகாபிக்சலையும் டிஜிட்டல் ஜூமையும் பற்றி அரை மணி நேரம் பேசினார். இந்த எண் என்னவென்று அவரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் எண் இல்லை, அதை எழுதும் முறை. எஃப் என்பது லென்ஸின் குவியத் தூரம் (18-55, 50 மி.மீ. என்று லென்ஸுக்குச் சொல்லும் எண் அதுதான்). அதற்கும் 4-க்கும் நடுவே ஒரு வகுத்தல் கோடு இருக்க வேண்டும். குவியத் தூரத்தை 4-ஆல் வகுத்தால் வருவது திறப்பின் விட்டம். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் விட்டம் 25 மி.மீ., எஃப் 4 என்றால் 12.5, எஃப் 8 என்றால் 6.25, எஃப் 16 என்றால் 3 மி.மீ. சொச்சம். திரையில் அந்தக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். லென்ஸின் முன்வளையத்தைப் பாருங்கள், அங்கே 1:3.5-5.6 என்று விகிதமாகவே எழுதியிருக்கும். லென்ஸ் உண்மையைச் சொல்கிறது, திரை பாதியை விழுங்கிவிடுகிறது.

அப்படியானால் இது பின்னம். 2, 4, 8, 16-ஐப் பின்னமாகப் படித்தால் அரை, கால், அரைக்கால், வீசம்! பின்னங்களுக்கு நம் முன்னோர் வைத்த கீழ்வாய் இலக்கத்தின் வரிசை ஓர் எழுத்து மாறாமல் இதில் வந்து உட்காருகிறது. இது எனக்குப் பளிச்சென்று பட்டபோது சனிக்கிழமை இரவு மணி பதினொன்று. அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

அரைக்கண், கால்கண், அரைக்கால்கண், வீசக்கண். இப்படிச் சொன்னால் எது பெரிது எது சிறிது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. காலைவிட அரைக்கால் சிறிது என்பது காதிலேயே விழுகிறது. ஒவ்வொரு பெயருக்கும் விட்டம் பாதியாகிறது, ஆகவே பரப்பும் உள்ளே வரும் ஒளியும் நாலில் ஒன்றாகின்றன. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

> இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வீசம் எங்கே தெரியும்?

தேனி ஐயா இதைக் கட்டாயம் கேட்பார் என்று எனக்குத் தெரியும், தனிமடலில் கேட்டும் விட்டார். பதினாறில் ஒன்று என்ற கணக்கு தெரியாது, சரிதான். ஆனால் ‘முக்காலே மூணு வீசம் பேர் வந்துட்டாங்க’ என்பதை அவர்கள் வீட்டில் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். முக்காலும் மூன்று வீசமும் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து, கிட்டத்தட்ட எல்லாம். அதைச் சொன்னதும் மிச்சமுள்ள அந்த ஒரு வீசம் எவ்வளவு சிறியது என்று அவர்களுக்கே விளங்கியது. மாகாணி என்றும் பெயர் உண்டு, ஆனால் பேச்சில் உயிரோடு இருப்பது வீசம்தான், ஆகவே அதையே எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு பயனும் தானாகக் கிடைத்தது. நல்ல வெயிலில் 16-ஐ வைத்து, ஐஎஸ்ஓ (ஃபிலிம் அல்லது சென்சாரின் ஒளியுணர்வு) 100 என்றால் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஒளியை விட வேண்டும் என்று ஃபிலிம் காலத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு. நேரத்தை மாற்றாமல் மேகமூட்டத்துக்கு 8-க்கும், திறந்த நிழலுக்கு 4-க்கும் வருவார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள்: வெயிலுக்கு வீசம், மேகத்துக்கு அரைக்கால், நிழலுக்குக் கால். பிள்ளைகள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள். முதல் அடியில் மோனைகூட அமைந்துவிட்டது. சென்சார் சிறிதாக உள்ள கையடக்கக் கேமராக்கள் பலவற்றில் கண் அரைக்காலைவிடச் சிறிதாக இடுங்காது. அதில் வெயிலுக்கும் அரைக்கால்தான், நேரத்தை மட்டும் நானூறில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கேமரா வாங்கப் போகிறவர்களுக்கும் இந்தப் பெயர் கைகொடுக்கும். 18-55 லென்ஸ் 55-க்கு நீளும்போது கண் 5.6-க்கு மேல் திறக்காது. அதாவது கால்கண்கூடக் கிடைக்காது. 50 மி.மீ., 1:1.8 என்று எழுதிய லென்ஸ் அரைக்கும் மேலே திறக்கும், ஒன்பது பத்து மடங்கு ஒளி அதிகம். தெப்பத் திருவிழா இரவில் மாரியம்மன் தெப்பக்குளத்துக் கரையில் நின்று எடுக்க ஆசைப்படுகிறவர், மெகாபிக்சலுக்குக் கொடுக்கும் பணத்தை இந்தக் கண்ணுக்குக் கொடுப்பது நல்லது. 12 மெகாபிக்சலே 4000-க்கு 3000 புள்ளிகள், 13-க்கு 10 அங்குலத்தில் அழகாக அச்சிடலாம். கடையில் ‘இது எத்தனை கண் திறக்கும்?’ என்று கேட்கும் காலம் வர வேண்டும் என்பது என் ஆசை.

துணைச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒளியை மறித்தும் விட்டும் நிற்கும் ஷட்டருக்கு ‘இமை’, அது திறந்திருக்கும் நேரத்துக்கு ‘இமைநேரம்’. இமை சாதாரணமாகத் திறந்தே இருப்பது, ஷட்டரோ மூடியே இருப்பது, ஆகவே பொருந்தாது என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் இப்போது வருகிற கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கேமராக்களில் திரையில் காட்சி ஓடுவதற்காக ஷட்டர் திறந்தபடியே இருக்கிறது. படம் எடுக்கும்போது மூடித் திறந்து மறுபடி மூடுகிறது. இமை இன்றைக்கு முன்னைவிட நன்றாகவே பொருந்துகிறது.

சென்சாருக்கு வந்து சேரும் மொத்த ஒளியான எக்ஸ்போஷருக்கு ‘வெளிப்பாடு’ என்று போடுவதை தயவுசெய்து விட்டுவிடுவோம். அது முகபாவத்துக்கும் உணர்ச்சிக்கும் உரிய சொல். வைகை அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி என்று தினமும் நாளிதழில் படிக்கிறோமே, அதே வாய்பாட்டில் ‘ஒளிவரத்து’ என்றால் என்ன? மதகை எவ்வளவு திறந்தோம், எவ்வளவு நேரம் திறந்தோம் என்ற இரண்டும் சேர்ந்ததுதான் வயலுக்கு வந்த தண்ணீர். கண்ணும் இமைநேரமும் சேர்ந்தது ஒளிவரத்து. கூடினால் மிகைவரத்து, குறைந்தால் குறைவரத்து. ஐஎஸ்ஓவை இப்போதைக்குத் தொட வேண்டாம், அது தனி இழைக்கான விஷயம்.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. அரைக்கும் காலுக்கும் நடுவே 2.8, அதேபோல 5.6, 11 என்று இடைப்படிகள் இருக்கின்றன. ஒளி பாதி பாதியாகக் குறைய இவையும் வேண்டும். கீழ்வாய் இலக்கத்தில் இவற்றுக்குப் பொருந்தும் பெயர் இல்லை. எண்ணாகவே விட்டுவிடலாம் என்றுதான் குறிப்பில் எழுதியிருந்தேன். நேற்றுக் காலையில் தங்கை மகள் கீழக்குயில்குடிக்குப் போய், சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்தைப் படம் எடுத்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தாள். “மாமா, மேகமா இருந்துச்சு, அரைக்கால்ல வச்சேன், கொஞ்சம் இருட்டா வந்துச்சு. அப்புறம் கால் தாண்டிக்கு வந்தேன், சரியாயிருச்சு” என்றாள். கால் தாண்டி என்றால் என்னம்மா என்று கேட்டேன். “அதான் மாமா, 5.6. காலைத் தாண்டி, அரைக்காலுக்கு முன்னாடி” என்றாள்.

அரைதாண்டி 2.8, கால்தாண்டி 5.6, அரைக்கால்தாண்டி 11. இவற்றைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அச்செடுக்க வேண்டும்.