வாசகர் முடிவை மாற்றச் சொன்னால் எழுதுகிறவர் என்ன செய்வது?

கேள்வி (தேவகோட்டையிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். பாகம் பிரிக்கப்படும் ஒரு வீட்டைப் பற்றிச் சென்ற ஆண்டு ஒரு சிறுகதை எழுதினேன். அதைப் படித்த கண்டனூர் ஆச்சி ஒருவர், இன்லேண்டு கடிதத்தின் மடிப்போரம் வரை நுணுக்கி எழுதி அனுப்பியிருந்தார். முகப்பில் பெண்கள் வடகம் காயவைப்பதாக நான் எழுதியது தவறு என்றும், முகப்பு ஆண்கள் அமர்ந்து வந்தவர்களோடு பேசும் இடம், வடகம் வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில்தான் காயும் என்றும் சொல்லியிருந்தார். கடைசியில், மூத்த மருமகளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டீர்களே, தொகுப்பில் சேர்க்கும்போது முடிவை மாற்றுங்கள் என்று கேட்டிருந்தார். அதுமுதல் எதை எழுத உட்கார்ந்தாலும், இது ஆச்சிக்குப் பிடிக்குமா என்ற எண்ணமே முந்திக்கொள்கிறது. வாசகரை எவ்வளவு தூரம் உள்ளே விடலாம்?

பதில் 1 (காரைக்குடி):
வடகம் எங்கே காயும் என்பது ஆச்சி வாழ்ந்து அறிந்தது. அதில் அவர் சொல்லே முடிவு, உடனே திருத்திவிடுங்கள். மருமகள் காரியம் வேறு. இல்லாத ஒரு பெண்ணுக்காக ஒருவர் கடிதம் எழுதி வழக்காடுகிறார் என்றால், அந்த முடிவு அவர் மனத்தில் தைத்திருக்கிறது. அதை மாற்றினால் அவருடைய வருத்தத்தையே நீங்கள் அழித்ததாகும்.

பதில் 2 (கோட்டையூர்):
எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் 1992-இல் மறைந்தபோது, நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ 1,00,000 அச்சுப் பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அச்சேகரிப்பு, இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக விளங்குகிறது. நாடக நோட்டீசையும் திருமண அழைப்பிதழையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அவற்றை எழுதியவர்கள், இப்படி ஒருவர் கோட்டையூரில் காத்திருக்கிறார் என்று எண்ணியிருப்பார்களா? ஆச்சியின் முகம் உங்களுக்குத் தெரிந்தது பாக்கியம்தான். ஆயினும் முகம் தெரியாத ஒருவரும் என்றோ படிப்பார், அவருக்கும் இடம் விட்டு எழுதுங்கள்.

பதில் 3 (புதுவயல்):
நான் எழுதுகிறவன் அல்லன். எழுத்தாளர்களுக்குக் கடிதம் போடுகிறவன். கேட்டபடி கதையை மாற்ற வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. 12 ஆண்டுகளுக்கு முன் இரண்டே வரியில் வந்த ஓர் அஞ்சலட்டையை இன்றும் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். ஆச்சிக்குப் பதில் போட்டீர்களா? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே.

கேட்டவர்:
போடவில்லை. எட்டு மாதங்கள் கடந்துவிட்டன என்பது தங்கள் கேள்வியைப் படித்த பிறகுதான் உறைத்தது. இன்று காலை எழுதி அஞ்சலில் சேர்த்துவிட்டேன். வடகத்தை இரண்டாங்கட்டுக்கு மாற்றிவிட்டதையும், மருமகள் வெறுங்கையோடுதான் போவாள் என்பதையும் தெரிவித்து, அவர் வீட்டில் பாகம் பிரித்த நாளைப் பற்றிச் சொல்ல மனமிருந்தால் கண்டனூருக்கே வந்து கேட்டுக்கொள்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன்.